சில பற்கள் மட்டும் போனால் என்ன கோடு? பகுதிப் பல் இழப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க கிளினிக்குகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்கிறேன், அதாவது டாக்டர் எழுதிய நோயையும் சிகிச்சையையும் இன்ஷூரன்ஸுக்கான கோடுகளாக மாற்றும் வேலை. வாய், தாடை அறுவை சிகிச்சை சார்ட்டுகள்தான் என் பங்கு. குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் ஒரே இடத்தைச் சுற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: வாயில் சில பற்கள் மட்டும் இல்லாத நோயாளிக்கு என்ன கோடு, டாக்டர் குறிப்பில் என்ன இருந்தால் அதைப் போடலாம்? அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கோடுகளின் ஆங்கில எழுத்துகளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். 'கே08' என்பது பற்களின் மற்றக் கோளாறுகளுக்கான பிரிவு. அதில் பகுதிப் பல் இழப்புக்கு உரியது கே08.4.

பகுதிப் பல் இழப்பு என்றால் எத்தனை பல் போயிருக்க வேண்டும்?

எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஒரு பல் போனாலும் பகுதி இழப்புதான். வாயில் ஒன்றிரண்டு பல் மட்டும் மிஞ்சியிருந்தாலும் அதுவேதான். கவனிக்க வேண்டியது, முளைத்த பல் பிறகு போயிருக்கிறதா என்பதை. பிறவியிலேயே முளைக்காத பல்லுக்கு கே00.0 தனியாக இருக்கிறது. மேல்பகுதி உடைந்து வேர் மட்டும் எலும்புக்குள் நிற்கிறது என்றால், அந்தப் பல் முழுசாகப் போகவில்லை. டாக்டர் அப்படி எழுதியிருந்தால் அது கே08.3. முழு வாயும் காலி என்றால் கே08.1. அதையும் கே08.4-ஐயும் ஒரே கிளெய்மில் (இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்பும் படிவம்) சேர்த்துப் போடக் கூடாது என்று, நோய்க் கோடுகளின் பட்டியலான ஐசிடி புத்தகமே விலக்குக் குறிப்பு போட்டிருக்கிறது.

புதியவர்கள் வழுக்கும் ஒரு இடம் இது. டாக்டர் 'எடென்டுலஸ்' என்று ஒரு சொல்லை எழுதியிருப்பார். பல்லில்லாத வாய் என்று படித்து நேரே கே08.1-க்குப் போய்விடுகிறார்கள். அடுத்த வரியில் 'எடென்டுலஸ் ஏரியா, 19-ம் பல் இடம்' என்று இருக்கும். அவர் சொன்னது அந்த ஒரு இடைவெளியை மட்டும்தான்.

கே08.4-க்குப் பின்னால் வரும் எண்கள் என்ன சொல்கின்றன?

ஐந்தாவது இடம் காரணம், ஆறாவது இடம் வகுப்பு, அதாவது பாதிப்பு எவ்வளவு சிக்கலானது என்ற அளவு (அடுத்த பதிலில் விளக்குகிறேன்). காரணம் எழுதப்படவில்லை என்றால் 0, அடிபட்டுப் போனால் 1, ஈறு நோயால் போனால் 2, சொத்தையால் போனால் 3, வேறு ஏதாவது குறிப்பிட்ட காரணம் என்றால் 9. வகுப்புக்கு 1 முதல் 4 வரை. வகுப்பு தெரியாவிட்டால் 9. ஆக, சொத்தையால் போன பல், வகுப்பு 2 என்றால் கே08.432. ஆறு இடமும் நிரம்பாமல் கே08.43 என்று நிறுத்தினால் அது செல்லாத கோடு, கிளெய்ம் வாசலிலேயே திரும்பிவிடும்.

அமெரிக்கா 2015 அக்டோபர் 1-ம் தேதி ஐசிடி-10-க்கு மாறியது. அதற்கு முன்பு காரணத்துக்கு ஒரு கோடு, வகுப்புக்கு ஒரு கோடு என்று இரண்டு போட வேண்டியிருந்தது. இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதனால் டாக்டர் ஒன்றை எழுதாமல் விட்டாலும் கோடு பாதி குருடாகிவிடுகிறது.

டாக்டர் 'கென்னடி கிளாஸ் 4' என்று எழுதியிருக்கிறார். கடைசி எண் 4 போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பல் இழப்பை வகுப்புப் பிரிக்க இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன, இரண்டிலும் 1 முதல் 4 வரை எண்கள். முதலாவது 1925-ல் எட்வர்ட் கென்னடி தந்தது. இடைவெளி வாயில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அது பார்க்கும். இரு பக்கமும் பின்னால் திறந்து கிடந்தால் 1, ஒரு பக்கம் மட்டும் அப்படி என்றால் 2, பக்கவாட்டில் இடைவெளி இருந்து அதன் இரு முனையிலும் பல் நின்றால் 3, முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி ஒரே இடைவெளி என்றால் 4. கழற்றி மாட்டும் பல்செட்டை வடிவமைக்க இது அருமையான முறை. ஆனால் எண் ஏறினால் நிலைமை மோசம் என்று அதில் அர்த்தமே இல்லை.

இரண்டாவது, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிராஸ்தடான்டிஸ்ட்ஸ் என்ற செயற்கைப் பல் நிபுணர் சங்கம் 2002-ல் பகுதிப் பல் இழப்புக்கு வெளியிட்ட 'பிராஸ்தடான்டிக் நோயறி அளவீடு'. இடைவெளியின் இடமும் நீளமும், பக்கத்தில் நிற்கும் பற்களின் பலம், கடி எப்படிச் சேர்கிறது, எலும்பு மேடு எவ்வளவு மிச்சம் என்று நான்கையும் பார்த்து, சிகிச்சை எவ்வளவு சிக்கலானது என்று சொல்கிறது. 1 என்றால் லேசான பாதிப்பு, 4 என்றால் கடுமையானது. நான்கில் ஒன்று மட்டும் மோசமாக இருந்தாலும் மேல் வகுப்புக்குப் போய்விடும்.

கே08.4-ன் கடைசி எண் இந்த இரண்டாவது முறையைச் சேர்ந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முழுப் பல் இழப்பான கே08.1-ஐப் பாருங்கள், அங்கேயும் வகுப்பு 1 முதல் 4 வரை இருக்கிறது. பல்லே இல்லாத வாய்க்குக் கென்னடியில் வகுப்பு ஏது? பிராஸ்தடான்டிஸ்ட் சங்கம்தான் முழு இழப்புக்கு 1999-லேயே நான்கு வகுப்பு வைத்திருந்தது.

ஒரு வாயை வைத்துப் பார்ப்போம். சைக்கிளிலிருந்து விழுந்து மேல்வரிசையில் நடு முன்பல் இரண்டும் போயிருக்கின்றன. மற்ற எல்லாப் பற்களும் திடமாக இருக்கின்றன, கடியும் எலும்பும் சரி. கென்னடிப்படி இது வகுப்பு 4, ஏனென்றால் இடைவெளி நடுக்கோட்டைத் தாண்டுகிறது. சிக்கல் அளவின்படி இது வகுப்பு 1. மேல் முன்பற்களில் இரண்டு வரை போனால் அங்கேதான் வரும். சரியான கோடு கே08.411. கென்னடியின் 4-ஐ எடுத்து கே08.414 போட்டால், லேசான பாதிப்புள்ள ஒருவரைக் கடுமையான நோயாளி என்று பணம் கேட்டு எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இப்போது தலைகீழாக. கீழ்வரிசையில் ஞானப்பற்கள் இல்லாத ஒருவருக்கு 18 முதல் 21 வரை ஒரு பக்கம், 28 முதல் 31 வரை மறுபக்கம், எட்டும் போய்விட்டன (இவை அமெரிக்கப் பல் எண்கள், கீழே விளக்கியிருக்கிறேன்). கென்னடியில் வகுப்பு 1. சிக்கல் அளவில் குறைந்தது வகுப்பு 3. கென்னடி எண்ணையே போட்டால், பாவம், பாதி வாய் போனவருக்கு லேசான பாதிப்பு என்று பதிவாகும். இம்ப்ளான்ட்டுக்கோ எலும்பு ஒட்டுக்கோ முன் அனுமதி கேட்டு அவர் காத்திருப்பார், நாம் போட்ட ஓர் எண் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும். அதனால்தான் இதில் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்.

குறிப்பில் கென்னடி மட்டும் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் கடைசி எண் 9.

எக்ஸ்ரே இருக்கிறது, எனக்கும் பார்க்கத் தெரியும். வகுப்பை நானே முடிவு செய்யலாமா?

பிடிஎஸ் முடித்துவிட்டுக் கோடிங்குக்கு வந்தவர்கள் நம் ஊரில் நிறைய பேர். அவர்கள்தான் இதைக் கேட்பார்கள், நியாயமான கேள்வியும்கூட. படத்தைப் பார்த்தால் அவர்களுக்கு நிஜமாகவே தெரியும். ஆனால் கோடு என்பது சிகிச்சை தரும் டாக்டர் எழுதிய முடிவின் மேல் நிற்க வேண்டும், கோடிங் வழிகாட்டு விதி அப்படித்தான். நீங்கள் அந்த நோயாளியின் வாயைப் பார்க்கவில்லை, பல்லை ஆட்டிப் பார்க்கவில்லை. உங்கள் அறிவு வீணாகாது. எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று மற்றவர்களைவிட உங்களுக்குச் சீக்கிரம் தெரியும்.

'ஈறு நோயால் போயிருக்கலாம்' என்று எழுதியிருந்தால்?

வெளிநோயாளி சார்ட்டில் 'இருக்கலாம்', 'சந்தேகம்', 'பெரும்பாலும்' என்று வரும் எதையும் உறுதியானதாக எடுத்துக் கோடு போடக் கூடாது. பல் பிடுங்குவது பெரும்பாலும் வெளிநோயாளி வேலைதான். எனவே அங்கே கே08.42- வராது, காரணம் எழுதப்படாத கே08.40- தான் (கடைசியில் உள்ள '-' குறி, வகுப்பு எண் அங்கே வர வேண்டும் என்பதற்கு).

டாக்டர் உறுதியாக எழுதியிருந்தால் கூடவே வருபவற்றையும் தேடுங்கள். இரண்டாம் வகை சர்க்கரை நோயோடு ஈறு நோய் என்றால் இ11.630 இருக்கிறது. புகையிலைப் பழக்கம் இருந்தால் அதற்கும் கோடு உண்டு. கழுத்து, தாடைப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை பெற்று அதன் பிறகு பற்கள் போனவருக்கு இசட்92.3 கதையையே மாற்றிவிடும். அது இல்லாமல் கிளெய்மைப் படிக்கிறவர், பல் தேய்க்காத ஒருவர் என்று நினைத்துக்கொள்வார்.

விபத்தில் பல் போனவர் அன்றைக்கே வந்தால் ஒரு கோடு, ஆறு மாதம் கழித்து வந்தால் வேறு கோடா?

ஆமாம். பல் தெறித்து விழுந்து ரத்தத்தோடு வந்திருக்கிறார் என்றால் அது காயம்: எஸ்03.2எக்ஸ்எக்ஸ்ஏ. பல் முறிந்திருந்தால் எஸ்02.5 வரிசை. எப்படி அடிபட்டது, எந்த இடத்தில் என்பதற்கான வெளிக்காரணக் கோடுகளும் சேரும். காயம் ஆறி, அந்த இடத்துக்குப் பல் கட்ட வருகிறார் என்றால் இப்போதைய பிரச்சினை பல் இல்லாததுதான். கே08.41- முதலில், பழைய காயத்தின் விளைவு என்று காட்ட எஸ்03.2எக்ஸ்எக்ஸ்எஸ் இரண்டாவது. கடைசி எழுத்து மாறியதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. கோடு விபத்து என்கிறது, மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தின் 10-ம் கட்டத்தில் விபத்தா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் இருக்கிறது. இப்படிப் போனால் இன்ஷூரன்ஸ் கிளெய்மை நிறுத்தி வைத்துவிட்டு நோயாளிக்கு விபத்து விவரம் கேட்டுக் கடிதம் போடும். வயதான நோயாளிகள் அந்தக் கடிதத்தை என்ன ஏதென்று புரியாமல் எடுத்து வைத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பல் எண்ணில் ஏன் இவ்வளவு குழப்பம்?

அமெரிக்காவில் 1 முதல் 32 வரை எண்ணுகிறார்கள். மேல் வலது ஞானப்பல் 1, அங்கிருந்து இடப்பக்கம் போய் 16, கீழே இறங்கி இடது ஞானப்பல் 17, சுற்றி வந்து கீழ் வலது ஞானப்பல் 32. நம் ஊர் பல் மருத்துவக் கல்லூரிகளில் படிப்பது எஃப்டிஐ என்ற உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் முறை. அதில் முதல் இலக்கம் வாயின் கால் பகுதி, இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல்.

எங்கள் குழுவில் ஒரு தங்கை, நல்ல கெட்டிக்காரி, பல் மருத்துவம் படித்தவள். '18 இல்லை, பார்ஷியல் வேண்டும்' என்று ஒரு சார்ட் (பார்ஷியல் என்றால் போன சில பற்களுக்கு மட்டும் கழற்றி மாட்டும் பல்செட்). ஞானப்பல்தானே, அதற்கு எதற்குப் பல்செட் என்று பில்லை நிறுத்தி வைத்துவிட்டாள். எஃப்டிஐயில் 18 மேல் வலது ஞானப்பல். அமெரிக்க எண்ணில் 18 கீழ் இடது இரண்டாம் கடைவாய்ப்பல், மெல்லுவதற்கு அன்றாடம் வேண்டிய பல். அவள் மேல் தப்பில்லை, ஐந்து வருடம் கை பழகிய எண் அது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வழி சொன்னேன். சார்ட்டில் 9, 10, 19, 20, 29, 30 என்று ஏதாவது இருந்தால் அது நிச்சயம் அமெரிக்க எண், எஃப்டிஐயில் 9-லோ 0-விலோ முடியும் பல்லே கிடையாது. 36, 46 என்று 32-ஐத் தாண்டினால் பெரியவர்களின் பற்களில் அது எஃப்டிஐ. 11 முதல் 18, 21 முதல் 28, அப்புறம் 31, 32 ஆகியவை இரண்டிலும் இருக்கின்றன. அங்கே மட்டும் பல்லின் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்?

நான் அடிக்கடி பார்ப்பது இது: '19, 20 இல்லை. நோயாளிக்குப் பார்ஷியல் வேண்டுமாம்.' இதை வைத்துக்கொண்டு கே08.409 தவிர வேறு எதுவும் போட முடியாது.

அதே நோயாளிக்கு இப்படி எழுதியிருந்தால்: 'கீழ் இடது முதல் கடைவாய்ப்பல் 19, இரண்டாம் முன்கடைவாய்ப்பல் 20 இரண்டும் இல்லை. சரிசெய்ய முடியாத சொத்தையால் 2023 மார்ச்சில் பிடுங்கப்பட்டன, நானே பிடுங்கினேன். 18-ம் 21-ம் உறுதியாக நிற்கின்றன. எலும்பு மேடு நல்ல உயரம். கடியில் மாற்றமில்லை. பிராஸ்தடான்டிக் நோயறி அளவீட்டில் வகுப்பு 1. இடது பக்கம் மெல்ல முடியவில்லை. பனோரமிக் எக்ஸ்ரே இன்று எடுத்துப் பார்த்தேன்.' ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். கோடு தானாக வந்து விழும்: கே08.431.

எலும்பு தேய்ந்திருந்தால் எந்தத் தாடை, லேசா நடுத்தரமா கடுமையா என்று எழுதச் சொல்லுங்கள். கீழ்தாடைக்கு கே08.21 முதல் 23 வரை, மேல்தாடைக்கு 24 முதல் 26 வரை. எலும்பு ஒட்டு கேட்டுப் போகும் கிளெய்மில் பல் இல்லை என்பதைவிட இதுதான் கனமாகப் பேசும்.

மெடிக்கலா, டென்டலா?

சொத்தையில் போன பல்லுக்குப் பிரிட்ஜ், பல்செட் என்றால் டென்டல் இன்ஷூரன்ஸ்தான். விபத்து, கட்டி அகற்றியது, பிறவித் தாடைக் குறை, பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் வாயைச் சுத்தப்படுத்துவது போன்றவற்றுக்கு மெடிக்கல் பக்கம் கதவு உண்டு. ஒவ்வொரு பிளானும் வேறு மாதிரி என்பதால் முன் அனுமதி கேட்காமல் இறங்க வேண்டாம்.

மெடிக்கல் என்றால் சிஎம்எஸ்-1500. 21-ம் கட்டத்தில் பன்னிரண்டு நோய்க் கோடுகள் வரை போடலாம், ஆனால் ஒரு சிகிச்சை வரிக்கு நான்கைத்தான் சுட்ட முடியும். டென்டல் என்றால் ஏடிஏ எனப்படும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் படிவம். அதில் 33-ம் கட்டத்தில் 32 எண்களும் அச்சடித்திருக்கும், இல்லாத பற்களின் மேல் பெருக்கல் குறி போட வேண்டும். குறிப்பில் ஒரு எண், இந்தக் கட்டத்தில் வேறு எண் என்றால் திரும்பி வரும். நோய்க் கோடு 34ஏ-யில், நான்கு வரை.

முக்கியமாக முதியவர்களுக்கான அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸ் ஆன மெடிகேரைப் பொறுத்தவரை பல் சிகிச்சை சட்டப்படியே விலக்கு. உறுப்பு மாற்றம், இதய வால்வு மாற்றம் போன்றவற்றோடு பிரிக்க முடியாதபடி பின்னிய பல் சிகிச்சைக்குப் பணம் தரலாம் என்று 2023-க்கான விதியில் தெளிவாக்கினார்கள், 2024-ல் தலை, கழுத்துப் புற்று சிகிச்சை பெறுவோருக்கும் விரித்தார்கள். அங்கேயும் நோய்த்தொற்றை நீக்கத்தான் பணம், போன பல்லுக்குப் பதில் பல்செட் கட்ட இல்லை. பல் டாக்டரும் இதய டாக்டரும் ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொண்டதற்குச் சார்ட்டில் தடயம் இருக்க வேண்டும்.

டாக்டருக்கு எப்படிக் கேள்வி அனுப்புவது?

'வகுப்பு 3 போடலாமா டாக்டர்?' என்று கேட்டால் அது பதிலை வாயில் ஊட்டுவது, ஆடிட்டில் நிற்காது. 'இதனால் பணம் கூடும்' என்ற பேச்சே வரக் கூடாது. நான் அனுப்பும் மாதிரி இது:

'தங்கள் குறிப்பில் 8, 9 ஆகிய பற்கள் இல்லை என்றும் கென்னடி வகுப்பு 4 என்றும் உள்ளது. தங்கள் மருத்துவ முடிவுப்படி பல் இழப்பின் காரணத்தையும், பிராஸ்தடான்டிக் நோயறி அளவீட்டின் வகுப்பையும் தெரிவிக்கவும். காரணம்: அடிபட்டது, ஈறு நோய், சொத்தை, வேறு, தீர்மானிக்க இயலவில்லை. வகுப்பு: 1, 2, 3, 4, தீர்மானிக்க இயலவில்லை.'

பதிலை டாக்டர் சார்ட்டில் பின்சேர்க்கையாக, எழுதுகிற அன்றைய தேதியோடு சேர்க்க வேண்டும். பழைய தேதி போட்டுத் தரச் சொல்லி யாரும் கேட்காதீர்கள், அவசரம் என்றாலும்.

எல்லாம் சரியாகப் போட்டும் மறுத்துவிட்டார்கள். எங்கே பார்ப்பது?

மறுப்போடு வரும் காரணக் கோட்டைப் பாருங்கள். சிஓ-11 என்றால் நோய்க் கோடும் சிகிச்சையும் ஒட்டவில்லை. பெரும்பாலும், சிகிச்சை வரிக்கு எந்த நோய்க் கோடு என்று காட்டும் சுட்டு எழுத்து தவறிய வரியாக இருக்கும். சிஓ-16 என்றால் விவரம் குறைகிறது, கூட வரும் குறிப்புக் கோடு எது என்று சொல்லும். சிஓ-50 என்றால் தேவை நிரூபிக்கப்படவில்லை, அங்கே டாக்டரின் கடிதமும் எக்ஸ்ரேயும் வேண்டும்.

டென்டல் பக்கம் ஒரு மறுப்பு மனதைச் சங்கடப்படுத்தும். பல பிளான்களில், பாலிசி தொடங்குவதற்கு முன்பே போன பல்லுக்கு மாற்றுப் பல் கட்டப் பணம் கிடையாது என்று ஒரு விதி இருக்கும். பல் போன தேதி சார்ட்டில் இல்லாவிட்டால் அவர்கள் முன்பே போனது என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒரு பாட்டியம்மாவின் கிளெய்ம் இப்படி இரண்டு முறை திரும்பியது. அவர் வேறொரு கிளினிக்கில் பிடுங்கியிருந்தார், எப்போது என்று யாரும் கேட்டு எழுதவில்லை. பழைய கிளினிக்கிலிருந்து ஒரு பக்க ரெக்கார்டு வாங்கினோம். பாலிசி தொடங்கிப் பதினோரு நாள் கழித்துப் பிடுங்கியிருந்தார்கள். அந்தத் தேதியை மேலே எழுதி, பக்கத்தை இணைத்து மூன்றாவது முறை அனுப்பினோம், பணம் வந்தது.